88 என்ற எண் தாங்கிய பொத்தானுக்குக் காலம் கணித்த அனுபவம்

பிரித்தானியத் தரைப்படையின் பழைய பொத்தான்களையும் சின்னங்களையும் சேகரிக்கும் எனக்கு, கலந்து வாங்கிய ஒரு தொகுப்பில் 88 என்ற எண் பொறித்த பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. அது அயர்லாந்தைச் சேர்ந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் எண் என்பதை அறிவது எளிது. ஆனால் அப்படைப்பிரிவு 1793 முதல் 1881 வரை அந்த எண்ணோடு இருந்ததால், பொத்தானை எக்காலத்தில் யார் அணிந்தார் என்று கண்டறிவதே உண்மையான வேலையாக இருந்தது.

சாதாரணச் சிப்பாய்களுக்கு 1855 வரை வெள்ளீயக் கலவைப் பொத்தான்களே வழங்கப்பட்டன. அவ்வாண்டு டியூனிக் எனும் புதிய சீருடை மேற்சட்டை வந்தபோதுதான் அவர்களுக்கும் பித்தளை கிடைத்தது. 1871இல் அரச சின்னம் பொறித்த பொதுப் பொத்தான் புகுந்ததும் சிப்பாய்களின் உடையிலிருந்து எண் மறைந்தது; அதிகாரிகள் மட்டும் தங்கள் பொன்முலாம் பூசிய பொத்தான்களில் 1881 வரை அதைத் தக்கவைத்துக் கொண்டனர். ஆகவே என் பொத்தானில் பொன்முலாம் இருந்ததா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைந்தது.

இதற்காகவே நான் எந்தப் பொத்தானையும் மெருகுப் பசையால் தேய்ப்பதில்லை. பளபளப்புக்காகத் தேய்ப்பவர்கள் மீதமுள்ள ஒரே சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, துணியும் விரலும் எட்டாத எண்களின் ஓரப் பள்ளங்களையும், பின்புறத்தில் வளையம் பற்றவைக்கப்பட்ட இடத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். எங்கும் முலாமின் சுவடு இல்லை. எனவே இது 1855க்கும் 1871க்கும் இடைப்பட்ட சிப்பாய்ப் பொத்தான் என்று பதிவு செய்தேன்.

அதே தொகுப்பில் இருந்த அப்படைப்பிரிவின் தொப்பிச் சின்னம், யாழின் மேல் கிரீடம் அமைந்தது, கூடுதல் எச்சரிக்கையைக் கோரியது. பழைய சின்னங்களிலிருந்து வார்த்தெடுத்த போலிகள் ஏராளம். அவற்றில் நுண்கோடுகள் மங்கியும் பரப்பு புள்ளிபுள்ளியாகவும் இருக்கும். முதலில் நான் பார்த்தது கிரீடத்தை. விக்டோரியா அரசியின் கிரீட வடிவம் ஏழாம் எட்வர்டு காலத்தில் டியூடர் கிரீடமாக மாறியது. இரண்டாம் எலிசபெத் காலத்தில் அது புனித எட்வர்டு கிரீடமானது. கன்னாட் ரேஞ்சர்ஸோ 1922லேயே கலைக்கப்பட்டது. ஆகவே அந்தக் கடைசிக் கிரீடத்தோடு இப்படைப்பிரிவின் பெயர் தாங்கிய சின்னம் எதுவும் பிற்காலத்தில் செய்யப்பட்டதே. என்னிடமிருந்ததில் டியூடர் கிரீடம் இருந்தது. யாழ் நரம்புகளின் மேற்புறம் மட்டும் துடைத்துத் துடைத்து இயல்பாகத் தேய்ந்திருந்தது. இரண்டையும் அமிலமற்ற அட்டையில் தனித்தனியாக வைத்து, காலத்தோடு அதற்கான காரணங்களையும் அட்டையிலேயே எழுதியுள்ளேன்.