கான்செர்டினாக்காரம்மா

நர்சிங் ஹோம்ல ஒருத்தர் வந்து சேர்ந்தா 48 மணி நேரத்துக்குள்ள கேர் பிளான், அதாவது அவங்களை எப்படிப் பாத்துக்கணும்கிற திட்டம், எழுதிடணும், அயர்லாந்துல அது சட்டம், அப்புறம் நாலு மாசத்துக்கு மேல தள்ளிப் போகாம திரும்பவும் பாத்து சரி பண்ணணும். தூக்கம், சாப்பாடு, நடை, கீழ விழற ரிஸ்க், தோல், வலின்னு பக்கம் பக்கமா போகும், கடைசியில பொழுதுபோக்குன்னு ஒரு கட்டம் வரும். எங்க ஹோம்ல இருந்த, கான்செர்டினா வாசிக்கிற ஒரு அம்மாவோட ஃபைல்ல அந்தக் கட்டத்துல "இசை பிடிக்கும்"னு மட்டும் எழுதியிருந்துச்சு. ஆசாரியைப் பத்தி மரம் பிடிக்கும்னு எழுதின மாதிரி. எழுதினவங்களைக் குத்தம் சொல்ல வரல, வீட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்துட்டு நேரா எங்ககிட்ட வந்தவங்க, மறதியும் ஆரம்பிச்சிருந்துச்சு, கூட வந்த மகனுக்கு அன்னைக்கு கேள்விக்குப் பதில் சொல்ற தெம்பே இல்ல.

போன குளிர்காலத்துல அவங்க தவறிட்டாங்க. தொண்ணூறு தாண்டின வயசு. பேரை எழுதக்கூடாது, குடும்பம் இருக்கு, எங்க தொழிலுக்கும் அது விதி. ஆனா அவங்களைப் பத்தி யாராவது எழுதணும்னு எனக்கு மனசுல கிடந்துக்கிட்டே இருக்கு, ஏன்னா இப்படி வாசிச்ச பொம்பளைங்க எத்தனையோ பேர் ஒரு ரெக்கார்டுகூட இல்லாம போயிட்டாங்க.

நான் வேலை பாக்குறது அயர்லாந்தோட மேற்குக் கரையில, க்ளேர் கவுன்ட்டியில. பாட்டுக்குப் பேர் போன ஊர் இது. இங்க மில்டவுன் மால்பேன்னு கடலோரமா ஒரு சின்ன ஊர் இருக்கு, அந்த ஊர்க்காரர் வில்லி க்ளான்சி இல்லன் பைப்ஸ்னு துருத்தி வெச்ச குழல் வாத்தியம் வாசிச்சவர், 1973 ஜனவரியில செத்துப்போனார், அந்த வருஷமே அவர் பேர்ல ஒரு கோடைப் பள்ளி ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் ஜூலை ஆரம்பத்துல ஒரு வாரம் உலகத்துல எங்கெங்க இருந்தோ ஆளுங்க வாத்தியத்தோட வந்து இறங்குறாங்க. ரோட்டுல, பப்புல, கிச்சன்ல எல்லா இடத்துலயும் வாசிப்பு. அந்த வாரம் எங்க ஹோமுக்கு வர்ற விசிட்டர்ஸ் கையிலயும் ஏதாவது ஒரு பெட்டி இருக்கும்.

கான்செர்டினா தெரியாதவங்களுக்கு: ஆறு பக்கம் உள்ள சின்னப் பெட்டி, நடுவுல மடிப்பு மடிப்பா துருத்தி, ரெண்டு பக்கமும் பட்டன். நம்ம ஆர்மோனியம் போல உள்ள இருக்கிறது ரீடுதான், காத்துல அதிர்ற சின்ன உலோகத் தகடு, ஆனா இங்க வாசிக்கிற ஆங்கிலோ வகையில ஒரே பட்டனுக்கு துருத்தியை அமுக்கினா ஒரு ஸ்வரம், இழுத்தா வேற ஸ்வரம். அதனால பாட்டோட நடை துருத்தியோட தள்ளல் இழுப்புலயே உக்காந்துடும். வலது கட்டை விரலுக்கு காத்தை விடறதுக்குன்னே தனியா ஒரு லீவர், அதை எப்ப தொடணும்னு தெரியலன்னா பாதி பாட்டுல மூச்சு முட்டி நின்னுடும். நேத்து மதியம் என்ன சாப்பிட்டோம்னு நினைவில்லாத அந்தம்மாவுக்கு அந்தக் கட்டை விரல் மட்டும் கடைசி வருஷம் வரைக்கும் ஒரு தடவைகூட தப்பல.

க்ளேர்ல ஒரு காலத்துல இதைப் பொம்பளைங்க வாத்தியம்னே சொல்லியிருக்காங்க. ஜெர்மனியில செஞ்ச மலிவான கான்செர்டினா எல்லா விவசாயி வீட்டுலயும் அடுப்பு மூலையில இருக்குமாம், ஈரம் ஏறாம இருக்க அங்க வைப்பாங்க. அம்மா வாசிக்க மக கத்துக்கும். இந்தம்மாவும் அப்படித்தான், அவங்க அம்மா பால் கறந்துட்டு வந்து கையைத் துடைச்சுக்கிட்டு வாசிக்கிறதைப் பாத்துப் பாத்தே விரல் பழகினதாம், வாத்தியார் கிடையாது, நோட்ஸ் கிடையாது. மிஸஸ் க்ராட்டின்னு ஒருத்தங்க கில்ரஷ் ஊர்ல பப் நடத்தினவங்க, 1885ல பொறந்தவங்க, 1950கள்ல ரேடியோக்காரங்க ரெக்கார்டிங் வேனோட க்ளேர் பக்கம் வந்தப்போ அவங்க வாசிப்பைப் பதிஞ்சாங்க, நாடு முழுக்க தெரிஞ்சது, 1960ல தவறினாங்க, அவங்க பேர்ல கில்ரஷ்ல விழாவும் எடுத்திருக்காங்க. ரேடியோ வேன் எந்த வீட்டு வாசல்ல நின்னுச்சோ அந்த வீட்டு அம்மா நிலைச்சாங்க. நிக்காத வீடுங்கதான் நிறைய.

இன்னொரு விஷயம் இங்க வந்ததுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சது. 1935ல பொது நடனக் கூடச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, லைசன்ஸ் இல்லாம பொது நடனம் நடத்தக்கூடாதுன்னு. சட்டத்துல இருந்தது பொது இடம், ஆனா பாதிரியாரும் போலீஸும் சேர்ந்து பல இடத்துல வீட்டுக் கிச்சன்ல ஆடறதையே நிறுத்திட்டாங்க. ஃபிடில், அதாவது வயலின், வாசிச்ச ஜூனியர் க்ரீஹன், மில்டவுன் பக்கத்துக்காரர், 1998ல தொண்ணூறு வயசுல தவறினவர், அந்தச் சட்டம் கிராமத்து வீடுகள்ல இருந்த பாட்டைக் கொன்னுடுச்சுன்னு கடைசி வரைக்கும் வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கார். யோசிச்சுப் பாத்தா அதுல ரொம்ப அடிபட்டது பொம்பளைங்கதான்னு எனக்குத் தோணுது. கிச்சன் அவங்க இடம். ஆட்டம் ஹாலுக்குப் போயிடுச்சுன்னா மேடையில பேண்டு, பேண்டுல பெரும்பாலும் ஆம்பளைங்க, சத்தம் பெரிசா வர்ற அக்கார்டியன். சின்னப் பெட்டி அடுப்பு மூலையிலேயே நின்னுடுச்சு.

அந்தம்மா பொறந்தது சட்டம் வந்த சமயத்தை ஒட்டி, ஆனா அவங்க இருந்தது மலைப்பக்கம், ரோடு சரியில்லாத இடம், அதனால அங்க கொஞ்ச காலம் தப்பிச்சுதாம். அறுவடை முடிஞ்சா, யாராவது அமெரிக்கா கிளம்பினா, வீட்டுல கூடுவாங்களாம், மேசை நாற்காலி எல்லாம் வெளிய போயிடும், கல் பாவின தரையில எட்டு பேர் ஜோடி ஜோடியா நின்னு செட் ஆடுவாங்க. அந்தக் கல்லுக்கு அடியில குதிரை மண்டையோட்டைப் புதைச்சு வைப்பாங்களாம், ஆடறவங்க கால் சத்தம் கணீர்னு கேக்கறதுக்கு. முதல்ல கேட்டப்போ மறதியில ஏதோ கலந்து சொல்றாங்கன்னு ராத்திரி ஷிஃப்ட்ல இருந்த ஐரிஷ் பொண்ணுகிட்ட விசாரிச்சேன், அவ தன் தாத்தா வீட்டுலயும் அப்படி இருந்ததா சொல்வாங்கன்னா.

கல்யாணம் ஆனதும் வாசிக்கிறதை விட்டுட்டாங்க. யாரும் வேண்டாம்னு சொல்லல, ஆனா மாமியார் இருந்த வீடு, மாடு, பிள்ளைங்க, கையில நேரமே இல்ல. அலமாரி மேல ஏறின பெட்டி பல வருஷம் கீழ இறங்கல. இது இவங்க ஒருத்தரோட கதை மட்டும் இல்ல, கிட்டி ஹேய்ஸ்னு மில்டவுன் பக்கத்து அம்மா ஒருத்தங்க, வீட்டுக்காரர் பேர் பெற்ற ஃப்ளூட்காரர், இவங்க பல பத்து வருஷம் கான்செர்டினாவைத் தொடாம இருந்து அவர் காலமானதுக்கு அப்புறம் மறுபடி எடுத்தாங்க, எழுபது வயசுக்கு மேல ஆல்பம் போட்டாங்க. எங்க ஹோம்ல இருந்த அந்தம்மாவும் பிள்ளைங்க வளர்ந்ததும் மறுபடி எடுத்தாங்க, ஆனா வாசிச்சதெல்லாம் வீட்டுக்குள்ளதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, மகன் ஒரு நாள் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னல் திண்டுல வெச்சுட்டுப் போனார். அதுவரைக்கும் அவங்க பேசவே மாட்டாங்க. குளிக்க வெக்கப் போனா கையைத் தட்டி விடுவாங்க, ரிப்போர்ட்ல "ஒத்துழைக்கல"ன்னு எழுதுவோம். பெட்டி வந்த அன்னைக்கு தோல் வாரை ரெண்டு கையிலயும் மாட்டிக்கிட்டு ஒரு ஸ்வரம் இழுத்தாங்க, முகம் சுளிச்சுது, பிடிக்கலன்னு நான் நினைச்சேன், ஆனா அது வலி. ரெண்டு கையிலயும் ஆர்த்ரைட்டிஸ், இடது மோதிர விரல் மடங்கவே மடங்காது. அன்னைக்கு ராத்திரி ஹேண்டோவர்ல நான் சொன்னது இதுதான்: இவங்களுக்கு வலி மருந்து கொடுக்கிற நேரத்தை வாசிக்கிற நேரத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும். டாக்டர்கிட்ட பேசினேன், அவரும் உள்ளூர்க்காரர், ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, பாரசிட்டமால் மதிய டோஸை ரெண்டு மணிக்கு மாத்திக் கொடுத்தார், காலை டோஸுக்கும் இதுக்கும் நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி இருக்கு, பிரச்சினை இல்ல. ரெண்டே முக்காலுக்கு வெதுவெதுன்னு தண்ணியில கை ரெண்டையும் பத்து நிமிஷம் வெச்சு, துடைச்சு, விரல் ஒவ்வொண்ணா நீவி விட்டா மூணு மணிக்கு கை வாத்தியத்துக்குத் தயார். மோதிர விரல் செய்ய வேண்டியதை நடு விரலை நீட்டி அவங்களே சமாளிச்சாங்க, யாரும் சொல்லிக் கொடுக்கல. கேர் பிளான்ல பொழுதுபோக்குக் கட்டத்தை விட்டுட்டு வலிங்கற பக்கத்துல இதையெல்லாம் எழுதினேன். அதுதான் சரியான இடம்னு இப்பவும் நம்புறேன். குளியல் தகராறும் தானா குறைஞ்சுது, சாயங்காலம் வாசிச்சு முடிச்ச கையோட கூட்டிட்டுப் போனா பேசாம வருவாங்க.

வியாழக்கிழமை ஒரு ஃபிடில்காரர் வருவார், அவருக்கே எழுபது இருக்கும். முதல் நாள் அவர் செஞ்ச காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். அந்தம்மாவோட பெட்டி லண்டன்ல செஞ்ச பழைய சரக்கு, அந்தக் காலத்து சுருதி, இன்னிக்கு எல்லாரும் வெக்கிற சுருதியைவிட கிட்டத்தட்ட கால் ஸ்வரம் மேல நிக்கும். அவர் ஒண்ணும் சொல்லல, சுருதி சேக்கறதுக்கு "ஒரு ஏ ஸ்வரம் கொடுங்கம்மா"ன்னு கேட்டார், அவங்க பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்க, இவர் காதைச் சாய்ச்சு நாலு கம்பியையும் அவங்க சுருதிக்கு ஏத்திக்கிட்டார், கம்பி அறுந்துடுமோன்னு பயமா இருந்துச்சு எனக்கு. அப்புறம் ரெண்டு பேரும் ரீல்னு ஒரு ஆட்ட டியூன் ஆரம்பிச்சாங்க. எட்டு பார், அதாவது எட்டு தாளக் கட்டு, ஒரு பாகம், ஒவ்வொரு பாகமும் ரெண்டு தடவை, முழுசா மூணு சுத்து வந்ததும் நிறுத்தாம அடுத்த டியூனுக்குத் தாவணும், எதுக்குத் தாவணும்னு அவங்க சொல்லவே இல்ல, முதல் ரெண்டு ஸ்வரத்துலயே அவர் பிடிச்சுக்கிட்டார். இன்னொரு நாள் ஃப்ளூட் வாசிக்கிற பையன் ஒருத்தன் வந்தான், ஃப்ளூட்டை அவ்வளவு மேல ஏத்த முடியாது, அதனால மடியில வெச்சுக்கிட்டு காலால தாளம் போட்டுக்கிட்டு கேட்டுட்டு இருந்தான். வேகமா வாசிக்கிறவங்களை அவங்களுக்குப் பிடிக்காது. ஒரு தடவை ரேடியோவுல ஏதோ பேண்டு பறந்துக்கிட்டு இருந்தப்போ, "கண்ணு, இதுக்கு எவ கால் எடுத்து வெப்பா"ன்னு என்கிட்ட கேட்டாங்க. எனக்கு அவங்க கொடுத்த சங்கீத பாடம் அது ஒண்ணுதான், ஆனா அதுக்கு அப்புறம் எந்த ஐரிஷ் டியூன் கேட்டாலும் ஆடறவங்க கால் எங்க இறங்கும்னுதான் நான் கேக்குறேன்.

கடைசி சில மாசம் துருத்தியை இழுக்க தோள்ல பலம் இல்ல. அப்போ வாயாலயே பாட ஆரம்பிச்சாங்க, வார்த்தை இல்லாம டிட்டில் டம்னு, லில்ட்டிங்னு சொல்வாங்க, வாத்தியம் இல்லாத வீட்டுல ஆடறதுக்கு அப்படிப் பாடுவாங்களாம். ராத்திரி ரவுண்ட்ஸ் போறப்ப இருட்டுல அது கேக்கும். மருமகள் அதை போன்ல பதிஞ்சு வெச்சிருக்காங்க.

தவறினது விடியக்காலை, என் ஷிஃப்ட்லதான். கூட வேலை பாத்த ஐரிஷ் அம்மா முதல்ல ஜன்னலைத் திறந்து விட்டாங்க, உசிரு போக வழி விடணுமாம், இங்க அது பழக்கம். உடம்பு கிளம்பறப்போ எங்க ஸ்டாஃப் எல்லாரும் வாசல் வரைக்கும் ரெண்டு வரிசையா நின்னோம், கிச்சன்ல வேலை பாக்குறவங்களும் கையைத் துடைச்சுட்டு வந்து நின்னாங்க. இந்த ஊர்ல சாவுச் செய்தி எல்லாரும் ஆர்ஐபி டாட் ஐஇ-ங்கிற வெப்சைட்டுல பாத்துடுவாங்க, ரெண்டாவது நாள் வீட்டுல உடம்பை வெச்சிருந்தாங்க, நானும் போனேன், தெரு முழுக்க கார். உள்ள போய் குடும்பத்து ஆளுங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு, உடம்புகிட்ட நின்னுட்டு, டீயும் ஹாம் சாண்ட்விச்சும் வாங்கிக்கிட்டு உக்காரணும். மாரடிச்சு ஒப்பாரி வெக்கிற பொம்பளைங்க இங்கயும் இருந்திருக்காங்க, சர்ச் ரொம்ப காலமா எதிர்த்துச்சு, இப்ப யாரும் இல்ல. ஜெபமாலை சொல்லி முடிச்சதும் கிச்சன்ல வாசிப்பு ஆரம்பிச்சுது, மொத்தமா ஒரு டஜன் பேர் இருப்பாங்க, வியாழக்கிழமை ஃபிடில்காரர் மட்டும் ஓரமா உக்காந்து அவங்க சுருதிக்கே கம்பியை ஏத்தி வெச்சிருந்தார், அதனால மத்தவங்களோட சேர முடியல, தனியா ஒரு டியூன் வாசிச்சார், மத்தவங்க பேசாம இருந்தாங்க. மறுநாள் பூசையில காணிக்கை கொண்டுபோறப்போ பேத்தி கான்செர்டினாவைக் கொண்டுபோய் பீடத்துல வெச்சா.

இப்ப அவங்க வீட்டுல ஒரு பேச்சு ஓடுது. பேத்தி அந்தப் பெட்டியில கத்துக்கிறா, நல்லா வருதாம், ஆனா கிளாஸ்ல மத்த பிள்ளைங்களோட சேர்ந்து வாசிக்க முடியல. ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்து இன்னிக்கு சுருதிக்கு இறக்கிடலாம்னு மகன் சொல்றார். ரீடை அரத்தால ராவி உலோகத்தை எடுக்கிற வேலை அது, எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. மருமகள் வேண்டாங்கிறாங்க, கிளாஸுக்குன்னு வேற பெட்டி வாங்கித் தரலாம்கிறாங்க. மருந்து ரூம்ல இருந்த அவங்க சாமான் ஒண்ணைக் கொடுக்கப் போனப்போ என்கிட்டயும் கேட்டாங்க. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனா நான் மருமகள் பக்கம்னு சொல்லிட்டு வந்தேன். பேத்திக்கு வயசு பத்துதான், சேர்ந்து வாசிக்க இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கு, அதுவரைக்கும் அந்த ஃபிடில்காரர் வாராவாரம் வந்து அவளோட வாசிக்கிறதா ஒத்துக்கிட்டிருக்கார்.