கோலைக் கையில் எடுக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் மரபுவழி விழித்திரை நோய் எனக்கு இருப்பது உறுதியானபோது என் வயது 27. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவும் குச்சி செல்கள் முதலில் அழிவதால், இந்நோய் பெரும்பாலும் மாலைக்கண்ணாகத் தொடங்கி, பிறகு பார்வைப் புலத்தை ஓரங்களிலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டே வரும். இரு கண்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகை அகலத்தைப் பார்ப்பது இயல்பு. எனக்கு இன்று எஞ்சியிருப்பது 15 பாகைதான். நடுப்பார்வை கெடாததால் கைபேசியில் பொடி எழுத்தைக்கூடப் படித்துவிடுவேன். ஆனால் காலருகே கிடக்கும் நாற்காலி கண்ணில் படாது.

நோயைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது இந்த முரண்தான். பார்வையற்றோர் பயன்படுத்தும் வெள்ளைக் கோல் இல்லாமல் சென்று ஒருவர்மேல் மோதினால் திமிர் பிடித்தவள் என்பார்கள். கோலோடு அமர்ந்து கைபேசியைப் பார்த்தால் நடிக்கிறாள் என்பார்கள். பார்வையின்மை என்றாலே முழு இருட்டு என்று எண்ணுபவர்களிடம் விளக்கிச் சலித்து, கோலே வேண்டாம் என்று ஒதுக்கினேன். இருட்டிய பின் வரும் அழைப்புகளுக்கெல்லாம் வேலை இருப்பதாகப் பொய் சொன்னேன். படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகே பயிற்சிக்குப் போனேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பிறவியிலேயே பார்வையற்றவர். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1940களில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறையையே அவர் பழக்கினார்: வலக்கால் முன்னே வரும்போது கோலின் முனை இடப்பக்கம் தரையைத் தொட வேண்டும், இடக்கால் வரும்போது வலப்பக்கம். அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. கேட்பதற்கு எளிய இக்கணக்கு கைக்குப் படிய மூன்று வாரங்கள் ஆயின. கண்ணைக் கட்டிக்கொண்டு பழகச் சொன்னதற்கு முதலில் கோபப்பட்டேன். எஞ்சிய பார்வையை நம்பிக் கை சோம்பிவிடும் என்றார், அது உண்மைதான். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானையும் இப்போதே பழகச் சொன்னது அவரே. (அது பேசும் வேகம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.)

உதவி பெறுவதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் அறிந்தேன். சாலையில் கேட்காமலே கையைப் பிடித்து இழுப்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இழுப்பில் கோல் தரையை விட்டு எழும்பிவிடுவதால், நான் அறிந்துவைத்திருந்த கொஞ்சமும் பறிபோகிறது. மாறாக, உடன் வருபவரின் முழங்கைக்குச் சற்று மேலே நான் பிடித்துக்கொண்டு அரைக் காலடி பின்னே நடந்தால், அவர் உடல் தாழும்போதே படி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இதை என் தம்பிக்குப் புரியவைக்கச் சில சண்டைகள் தேவைப்பட்டன. மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் செல்வதே அவனுடைய பாசமாக இருந்தது.

சென்ற வாரம் இரவு உணவுக்குப் பிறகு, "அக்கா, நடந்துட்டு வரலாமா?" என்று கேட்டான். வேலை இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தவள் கோலை எடுத்துக்கொண்டேன். ஏதோ ஒரு விவாதத்தில் மூழ்கியிருந்த அவன், வாசற்படி வந்ததும் பேச்சை நிறுத்தாமலே முழங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினான்.