ஃபமகுஸ்தாவுக்கு ஒரு நாள் போதாது

டாக்சிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. சைப்ரஸ் தீவின் தலைநகர் நிக்கோசியாவில் துருக்கியர் பக்கத்துக்கு எல்லைச் சாவடியை நடந்தே தாண்டி, துறைமுக ஊரான ஃபமகுஸ்தா போகும் மினிபஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன். "இன்றைக்கு பஸ்ஸே கிடையாது" என்று அடித்துச் சொன்னார். 60 யூரோ கேட்டவரை 45-க்கு இறக்கி ஏறினேன். வழியில் ஒரு மினிபஸ்ஸை முந்தினோம். நெற்றியில் 'காஸிமாவுசா' என்று போர்டு. ஃபமகுஸ்தாவின் துருக்கிப் பெயர்தான் அது! இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. யார் என்ன சொன்னாலும் பஸ் நிலையம் வரை நடந்துவிடுங்கள்.

ஆனால் கோட்டைச் சுவருக்குள் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோனது. 1291-இல் சிலுவைப் போர்க்காரர்கள் வசம் இருந்த ஆக்கர் நகரம் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் விழுந்தபோது, தப்பியவர்களில் பலர் கப்பலேறி வந்து இறங்கிய ஊர் இது. எகிப்தோடு நேரடி வியாபாரம் கூடாது என்று போப் போட்ட தடை இந்த ஊருக்கு யோகமாக அமைந்தது. சிரியக் கரையிலிருந்து சரக்கு இங்கே வரும், இத்தாலியிலிருந்து வந்த ஜெனோவாக்காரர்களும் வெனிஸ்காரர்களும் இங்கேயே ஏற்றிக்கொள்வார்கள். இடையில் நின்று காசு பார்த்தவர்கள் அரபி தெரிந்த சிரியக் கிறிஸ்தவர்கள்.

அவர்களில் லாக்காஸ் சகோதரர்கள் 1360 வாக்கில் கட்டியதாகச் சொல்லப்படும் நெஸ்டோரிய (கிழக்கத்திய கிறிஸ்தவப் பிரிவு ஒன்றின்) தேவாலயத்தில்தான் அதிக நேரம் நின்றேன். மங்கிப்போன சுவரோவியத்துக்குப் பக்கத்தில் சிரியாக் எழுத்துகள். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி! இந்தத் துறைமுகத்தில் கைமாறிய மிளகும் மலபார்ப் பக்கத்துச் சரக்குதானே? உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் கோயில் மண்ணை எதிரி வீட்டில் தூவினால் அவன் ஊரைவிட்டே ஓடுவான் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு.

சற்றுத் தள்ளி புனித பேதுரு, பவுல் தேவாலயம். சிமோன் நோஸ்த்ரானோ என்ற வியாபாரி ஒரே ஒரு கடல் பயணத்தில் வந்த லாபத்தை வைத்துக் கட்டினாராம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஒரே பயணத்து லாபமா இது!

1372-இல் முடிசூட்டு விழாவில் சைப்ரஸின் புது ராஜாவின் குதிரைக் கடிவாளத்தை யார் பிடிப்பது என்று ஜெனோவாக்காரர்களும் வெனிஸ்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே ஜெனோவா படையோடு வந்து ஊரைப் பிடித்துவிட்டது. அதோடு வியாபாரம் படுத்தது.

சாப்பாடு: ஷெஃப்தாலி கெபாப். கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கரியில் வாட்டிய கறி, கூடவே சுட்ட ஹெல்லிம் சீஸ். இன்னொரு தட்டு கேட்டிருப்பேன், டாக்சிக் காசு நினைவுக்கு வந்தது.

திரும்பும்போது மினிபஸ்தான். அதைப் பிடிக்க ஓடியதில் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆர்மீனியர்களின் கோயிலைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.