சைக்கிள் ரியூப்பின்ர புண்ணியத்தில

போன சனிக்கிழமை ஸ்கேட்போர்டில ஒரு ஓலி அடிச்சனான், அதாவது கையால பிடிக்காம போர்டோட சேர்ந்து மேல துள்ளுறது. பெரிய உயரமெல்லாம் இல்ல, ஒரு செங்கல்லைப் படுக்கவைச்சா தாண்டுமோ தாண்டாதோ எண்ட அளவு. ஆனா நாலு மாசத்துக்குப் பிறகு அடிச்சது, அதுதான் எழுதுறன்.

கிளிநொச்சியில ஸ்கேட்போர்ட் ஓடுறதெண்டா முதல் பிரச்சினையே எங்க ஓடுறது எண்டதுதான். ஏ9 காப்பெற் றோட்டு வடிவா வழுக்கும், ஆனா பஸ்காரர் விடுற வேகத்துக்கு அதில இறங்கினா நேரா மோட்சம். உள்றோட்டெல்லாம் கிறவல். அதால நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளம்தான் எனக்கு ஸ்கேட் பார்க். போர்ட் மச்சான் கனடாவில இருந்து வரேக்க கொண்டுவந்து விட்டிட்டுப் போனது, சில்லு 99ஏ, சரியான இறுக்கம் (அந்த நம்பர் கூடக்கூட சில்லு கடினம்). 78ஏ மாதிரி மென்மையான சில்லெண்டா குறுணிக்கல்லுக்கு மேலால ஏறிப் போயிடும், இது ஒரு சின்னக் கல்லுக்கே சடக்கெண்டு நிண்டிடும். பொங்கலுக்கு ரெண்டு நாள் முதல் அதுதான் நடந்தது, போர்ட் நிண்டுது நான் நிக்கேல்ல, இடது கால் உள்பக்கமாப் பிரண்டு அதுக்கு மேல என்ர முழுப் பாரமும்.

அம்மா நோவெண்ணெய்ப் போத்திலோட ஏச்சும் கொண்டு வந்தா. 2021 ரோக்கியோ ஒலிம்பிக்கிலயே இது இருந்ததம்மா எண்டன், அப்ப அங்க போய் விழு எண்டா.

எக்ஸ்றேயில முறிவில்ல, ஆனா கணுக்காலில எலும்புகளைச் சேத்துப் பிடிக்கிற நார், லிகமென்ற், பாதி கிழிஞ்சிருக்கு எண்டினம், கிரேட் 2. மூண்டு கிழமையில வீக்கம் வத்தின உடன சுகம் எண்டு நினைச்சு ஏறி, திரும்ப அதே கால் பிரண்டது. பிறகுதான் ஒழுங்கா பிசியோவுக்குப் போனது.

பிசியோ அக்கா ஒரு காலில நிக்கச் சொன்னா, நிண்டன். கண்ணை மூடச் சொன்னா, நாலு செக்கனில கட்டிலைப் பிடிச்சிட்டன். லிகமென்ற் கிழியேக்க கால் எந்தப் பக்கம் சரியுது எண்டு மூளைக்குச் சொல்லுற நரம்பு முனையளும் பழுதாகுமாம், வீக்கம் வத்தினதால அது தானா வராதாம், பழக்கித்தான் எடுக்கவேணும். "தம்பி, பழைய சைக்கிள் ரியூப் இருந்தா வெட்டி எடும், காணும்" எண்டா. வெட்டினா உள்ளுக்க இருந்த வெள்ளைப் பவுடர் விறாந்தை முழுக்க, அதுக்கும் ஏச்சு.

ரியூப்பின்ர ஒரு நுனி கட்டில் காலில, மற்றது பாதத்தைச் சுத்தி, சுண்டுவிரல் பக்கமா வெளியால இழுக்கிறது. 15 தரம், மூண்டு சுற்று, விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா. கால் உள்ள பிரளாமப் பிடிக்கிறது கெண்டைக்கு வெளிப்பக்கத்தால இறங்கிற தசைதான், அதுக்குத்தான் இந்தப் பாடு. சரியான அலுப்பு. கிணத்தடியில பல்லு விளக்கேக்க ஒத்தைக் காலில நிக்கிறது வேற, பக்கத்து வீட்டு மாமி வேலியால எட்டிப் பாத்து என்ன தம்பி தவமோ எண்டு கேட்டா.

உண்மையைச் சொன்னா பொறுமை எண்டு ஒண்டும் எனக்கில்ல. மாசி, பங்குனி காலபோக வெட்டு, தளம் முழுக்க நெல்லு, ஏற இடமே இல்ல. அந்த நெல்லு இல்லையெண்டா மூண்டாந்தரமும் பிரட்டியிருப்பன்.

பயம் வேற இடத்தில இருந்தது. ஓலிக்குப் பின்காலால போர்டின்ர வாலை, அதாவது பின்நுனியை, நிலத்தில அடிச்சிட்டு முன்காலின்ர வெளிப்பக்கத்தை போர்டில உரசி மேல இழுக்கவேணும், அதுக்குப் பாதம் உள்பக்கமா மடங்கவேணும். என்ர முன்கால் இடதுகால். பிரண்ட அதே கால், அதே மடக்கு! போனில வீடியோவைக் காட்டினன், அக்கா மூண்டு தரம் திருப்பித் திருப்பிப் பாத்தா, விடச் சொல்லப்போறா எண்டு நினைச்சன், "அப்ப இந்த மடக்கைத்தான் பழக்கவேணும்" எண்டு ரியூப்பை மற்றப் பக்கம் கட்டிவிட்டா. பிறகு நிலத்தில ஒரு கோடு கீறி ஒத்தைக் காலில அங்கால இங்கால துள்ளுறது.

சித்திரை கடைசியில சும்மா தள்ளி ஓட மட்டும் விட்டவ. ஓலி போன சனிதான். விடிய நோ ஒண்டும் இல்ல, கொஞ்சம் இறுக்கம் மட்டும்.

இப்ப ஏற முதல் ஈர்க்கு விளக்குமாறு கொண்டுபோய் தளத்தை ஒரு கல்லு இல்லாமக் கூட்டுறன். அம்மா ஒருநாள் கண்டிட்டா. வீட்டு முத்தத்தை எப்பவாவது இப்பிடிக் கூட்டியிருப்பியோ எண்டு கேட்டா.