எண்பதாயிரம் ரூபாய்க்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: காசு அனுப்பும் முன்

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1968, ரன்னிங் கண்டிஷன், ஆர்.சி. உண்டு, அவசர விற்பனை, 80,000." இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் பழைய கார் பிரியர்களுக்குக் கை பரபரக்கும். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் 1971 வரை தயாரான கார் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி வரைந்த உருவம், 948 சிசி என்ஜின், முன் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் பானட். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் நல்ல வண்டிக்கு யாரும் இந்த விலை சொல்வதில்லை. வண்டியே இருக்காது, அல்லது பேப்பர் இருக்காது, அல்லது அடியில் இரும்பு இருக்காது. இவற்றில் எது என்று தெரியும் வரை ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

முதலில் படங்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் வந்ததெல்லாம் இரண்டு கதவு. கூரை மடங்கும் கன்வெர்டிபிளும் அங்கே நிறைய உண்டு. அதனால் "நம்ம ஊர் வண்டி" என்று போட்டுவிட்டு, படத்தில் கன்வெர்டிபிளோ, ட்ரையம்ப் எழுத்தோ இருந்தால், பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்த படம். பின் நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கிலாந்தில் சொந்தக் காருக்கும் பின்னால் வழக்கமாக மஞ்சள்தான். நம் ஊரில் அது வாடகை வண்டிக்கு. ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் பாதிக் கதை அங்கேயே வெளிவந்துவிடும்.

அடுத்து விற்பவர். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்கில் நிற்கிறது, டிரான்ஸ்போர்ட் காசை மட்டும் போடுங்கள், வண்டி வீட்டு வாசலில் இறங்கும்." இது பல வருடமாகச் சுற்றும் பேச்சு. அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும். அவை வேறு யாரிடமோ களவாடியவை. "உங்களுக்கு ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்" என்பது அடுத்த கட்டம். யு.பி.ஐ.யில் பின் நம்பர் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். பணம் பெற பின் தேவையே இல்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் யோசித்தால் கிடைக்காது.

வண்டி நிஜமா என்று பார்க்க வீடியோ காலே போதும். அன்றைய செய்தித்தாளை வண்டியின் மேல் வைத்து, பானட்டைத் தூக்கி, சேஸிஸ் நம்பர் தகட்டையும் பிளாக்கில் அடித்திருக்கும் என்ஜின் நம்பரையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான சொந்தக்காரருக்கு இது ஐந்து நிமிட வேலை. மறுப்பவரோடு பேச்சை நீட்ட வேண்டாம்.

வண்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு பேப்பர். அந்தக் காலத்து எம்.எஸ்., எம்.டி. நம்பர் வண்டிகள் பல, கணினிப் பதிவுக்கு வராமலே போனவை. பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். விவரம் வந்தால் ஆர்.சி. எதுவரை செல்லும், அடமானம் இருக்கிறதா, வேறு ஊருக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கியாயிற்றா என்பது தெரியும். வரவில்லை என்றால் அதுவே மோசடிக்குச் சாட்சி ஆகாது. பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பழைய பதிவேட்டில் அந்த வண்டி இருந்தால் பேக்லாக் என்ட்ரி போட்டுக் கணினியில் ஏற்றலாம். பதிவேட்டிலும் இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். "ஏஜென்ட் பார்த்துப்பார்" என்ற வாக்கை நம்பி வாங்கிய கார்கள் எத்தனையோ ஷெட்டிலேயே மட்கிக் கிடக்கின்றன.

விற்பவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா? பழைய கார்களில் பெரும்பாலும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்ட ஃபார்ம் 29, 30 (பெயர் மாற்றப் படிவங்கள்) நான்கைந்து கை மாறியிருக்கும். ஆர்.சி.யில் உள்ளவர் இறந்திருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வாரிசுகள் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து ஃபார்ம் 31-இல் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே உங்கள் பெயருக்கு வரும். நாற்பது வருடத்துக்கு முன் அடைத்த வங்கிக் கடன் ஆர்.சி.யில் அப்படியே நின்றால், அந்த வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் குறிப்பை நீக்கும் ஃபார்ம் 35-உம் வேண்டும். கிளையே இணைந்து போயிருந்தால் அலைச்சல்தான்.

ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டு தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. "பேப்பர் இல்லாட்டி என்ன, விண்டேஜ் பதிவு போட்டுக்கலாம்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். 2021 விதிப்படி 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'வி.ஏ.' வரிசை நம்பர் உண்டு; 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் இந்தியாவில் முன்பே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி.யைக் கேட்கிறார்கள். அந்த நம்பரில் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு என்று குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

இனி நேரில். ஒரு காந்தம், நீள ஸ்க்ரூட்ரைவர், டார்ச், ஜாக்கி போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டின் கீழ் விளிம்பிலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இரும்பில்லை, ஓட்டையை நிரப்பிய பட்டிதான். ஆனால் பளபளப்பான பெயின்ட்டில் மயங்கியோ, கதவோரத் துருவைப் பார்த்துப் பயந்தோ முடிவெடுக்க வேண்டாம். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். பாடி அதன் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் தாங்குவது கீழே. அதனால் வண்டிக்கு அடியில் படுங்கள். நடுக்கம்பிகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிஃபரென்ஷியலைப் பிடிக்கும் இடம், டிக்கிக்குக் கீழ்ப்பகுதி ஆகியவற்றை ஸ்க்ரூட்ரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை. பிறகு பக்கவாட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால் சேஸிஸ் வளைகிறது.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டியரிங் திரும்பும் அச்சின் கீழ்முனை மரையாக ட்ரனியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் திருகியிருக்கும். அதற்கு 90 கியர் ஆயில் விட வேண்டும். நம் ஊரில் வழக்கமாக கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, மழைத்தண்ணீர் இறங்கும், இரும்பு அரிக்கும்; ஒருநாள் மெதுவாக வளைக்கும்போதே அச்சு முறிந்து சக்கரம் மடங்கும். இது சொல்லாமல் வரும் கோளாறு. ஆகவே ஆட்டம் இல்லாவிட்டாலும் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

என்ஜினில் ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஒருவர் கிளச்சை மிதிக்க, நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியை (என்ஜினின் முன்முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) கவனியுங்கள். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தாலே அதிகம். உள்ளே அரைநிலா வடிவ த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். கம்ப்ரஷன் டெஸ்டில் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் சோதனை) ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் கோளாறு வால்வு அல்லது கேஸ்கெட்டில்.

இதையெல்லாம் பார்த்தாலும், என்ஜின் செத்த ஹெரால்டு பெரிய நஷ்டமில்லை என்றே சொல்வேன். வாஷர், ட்ரனியன், கேஸ்கெட், பிரேக் சிலிண்டர் என்று இயந்திரப் பாகங்கள் பலவும் இங்கிலாந்திலிருந்து இன்றும் தருவிக்கலாம். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரும் இதே குடும்பம் என்பதால் அங்கே தேவை இருக்கிறது. நான்கு கதவு வண்டியின் பின் கதவும் அதன் கண்ணாடியும் மட்டும் அங்கே கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு வண்டி அங்கே இருந்ததே இல்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். அதனால் ஓடாத, ஆனால் கண்ணாடி, கதவு, பீடிங், எழுத்து எல்லாம் முழுசாக இருக்கும் வண்டியை, ஓடும் ஆனால் பின் கதவுக்கு ஃபைபர் ஷீட் அடித்த வண்டிக்கு மேலாக எடுப்பேன்.

எல்லாம் சரியென்றால் பணத்தை ஆர்.சி.யில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வாரிசு வண்டி என்றால், பெயர் மாற்றிக்கொண்ட வாரிசின் கணக்குக்கு. சேஸிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ரசீதில் ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஓட்டிக்கொண்டு போகலாம் என்று எவ்வளவு சொன்னாலும் பிளாட்பெட் லாரியில் ஏற்றியே கொண்டுவாருங்கள். பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். முன் சஸ்பென்ஷன் கைகளில் கொக்கி மாட்ட விடாதீர்கள்.