தம்பிட மாத ஊசி ஊருக்குள்ள வந்த கதை

என்ட தம்பிக்கு மனநல வருத்தம் தொடங்கினது 2014ல, ஏலெவல் எழுதிப்போட்டு இருந்த நேரம். ராவுல நித்திரை இல்ல, வளவுக்குள்ள ஆரோ நிண்டு கதைக்கிறாங்க எண்டு சொல்லுவான், மறுகா எங்களோட கதைக்கிறதயும் விட்டுட்டான். மட்டக்களப்புல வாட்டுல வெச்சுப் பாத்து ஊசி தொடங்கினாங்க, நாலு கிழமைக்கு ஒருக்கா, கை நடுங்காம இருக்க ஒரு குளிசையும். ஊசி ஒழுங்காப் போனா அவன் வயலுக்குப் போவான், மாடு பாப்பான், பின்னேரம் வாசிகசாலையில இருந்து பேப்பர் வாசிப்பான். புதுசா ஆரும் வந்தா அவனுக்கு வருத்தம் எண்டே தெரியாது.

நாங்க இருக்கிறது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில, உன்னிச்சைப் பக்கம். கிளினிக்குக்குப் போறதெண்டா விடியச்சாமத்துல வெளிக்கிடோணும், அந்த நேரம் ரோட்டுல யானை நிக்கும், பஸ் நிக்கிற இடம் மட்டும் அப்பா டோர்ச் அடிச்சுக் கூட்டிப்போவார். வலையிறவுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் நம்பர் எடுத்து, ஊசி போட்டு, திரும்பி வர பின்னேரம். ஊசி போடுறது ரெண்டு நிமிசம், அதுக்கு ரெண்டு பேர்ட ஒரு நாள் கூலி போகும். அப்படியே எட்டு வருசம் போனோம், இது இப்படித்தான் எண்டு நினைச்சம், கேக்கலாம் எண்டே தோணல்ல.

2022ல பெற்றோல் இல்லாமப் போன நேரம் பஸ்சும் ஒழுங்கா வரல்ல. ஓட்டோக்காரர் போக வர 9000 ரூபா கேட்டார், அவரையும் குறை சொல்லேலா, அவர் ராவு முழுக்க லைன்ல நிண்டு எடுத்த எண்ணெய். ரெண்டு ஊசி தவறிட்டு. யூலை மாசம் தம்பி சோத்துல நஞ்சு கலந்திருக்கு எண்டு சாப்பிடுறத விட்டான். அம்மா அவனுக்கு முன்னால கோப்பையில இருந்து ஒரு பிடி எடுத்துத் தன்ட வாயில வெச்சுக் காட்டுவா, "பாரு மனே, எனக்கு ஒண்டும் ஆகல்ல" எண்டு. அவன் அம்மாட முகத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்துபோட்டு ஒரு வாய் எடுப்பான். அடுத்த வேளைக்குத் திரும்பவும் முதல்ல இருந்து. பிறகு வாட்டுல ஆறு கிழமை.

அந்த ஆறு கிழமையில தான் எனக்கு விசயம் விளங்கினது. பக்கத்துக் கட்டிலுக்கு வாகரைப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, அவட மகளுக்கும் இதே கதை தான், தூரம், பஸ், தவறின ஊசி. ஒரு நாள் மனநல வைத்திய அதிகாரி ஒராளிட்ட அழுகையும் கோவமுமாக் கேட்டுப்போட்டன், ஊசிய எங்கட பக்கம் கொண்டு வரேலாதா எண்டு. அவர் கோவிக்கல்ல. சுனாமிக்குப் பிறகு 2005ல இந்த நாட்டுக்கு ஒரு மனநலக் கொள்கை வந்தது, கொழும்புப் பக்கம் அங்கொடையில இருக்கிற பெரிய மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கிற காலம் போய் ஒவ்வொரு மாவட்டத்துலயும், சனம் இருக்கிற இடத்துக்குக் கிட்டவே வைத்தியம் கிடைக்கோணும் எண்டு தான் அதுல இருக்கு, நீங்க கேக்கிறது புதுசில்ல தங்கச்சி, எழுதிக் கேளுங்க எண்டார். சட்டம் எண்டு பாத்தா இன்னும் வெள்ளைக்காரன் காலத்து 1873ம் ஆண்டுச் சட்டம் தான், 1956ல திருத்தினது. அது ஆக்களப் புடிச்சு வைக்கிறதப் பத்தித்தான் கூடப் பேசுது, ஊருக்குள்ள வெச்சுப் பாக்கிறதப் பத்தி இல்ல. அதால எங்களுக்குப் புடிச்சு நிக்க இருந்தது அந்தக் கொள்கை தான்.

முதல் கடிதத்த நான் தனியா எழுதி ஒரு ஒபிஸ்ல குடுத்தன். ரெண்டு மாசம் கழிச்சுப் போய்க் கேட்டா அப்படி ஒரு கடிதமே வரல்லயாம். என்ட கையில கொப்பியும் இல்ல, ஒரு சீலும் இல்ல. அண்டைக்கு பஸ்சுல அழுதுக்கிட்டுத் தான் வந்தன். ஆராவது இப்படி ஒண்டு தொடங்குறதெண்டா ரெண்டு கொப்பி கொண்டு போங்க, ஒண்டுல வந்த திகதி சீல் அடிச்சு வாங்காம அந்த மேசைய விட்டு எழும்பாதீங்க.

ரெண்டாவது தரம் சுத்துவட்டாரத்துல கிளினிக் போற குடும்பங்களத் தேடிப் போனன். இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். எங்கட பக்கத்துல சண்டையில கூட "உன்ன அங்கொடைக்குத் தான் அனுப்போணும்" எண்டு ஏசுவாங்க, அப்படியான ஊருல ஆர் கையெழுத்து வைப்பாங்க? ஒரு அம்மா கேற்றுல நிண்டபடியே சொன்னா, "புள்ள, நீ சொல்லுறது சரிதான், ஆனா மூத்தவளுக்குச் சம்மந்தம் பேசிக்கிட்டு இருக்கம்." எனக்கு அவவோட கோவமே வரல்ல. ரெண்டு நாள் யோசிச்சுப்போட்டு கடிதத்தயே மாத்தி எழுதினன். நோயாளிட பேர் இல்ல, வருத்தத்துட பேர் இல்ல, கிளினிக் நம்பர் இல்ல. எத்தின பேர் போறம், எத்தின கிலோமீற்றர், பஸ் எத்தின மணிக்கு, ஒரு தரம் போக வர எவ்வளவு செலவு, 2022ல எத்தின ஊசி தவறினது, அவ்வளவு தான். கையெழுத்து "ஊரவர்" எண்டு. கிராம சேவகர், எங்கட விதானையாரும் வைத்தார், கோயில் தலைவரும் வைத்தார், கடைசியா அந்த அம்மாவும் வந்து வைத்தா.

அதோட சேத்து 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்துக்குக் கீழ ஒரு விண்ணப்பமும் போட்டன். 14 வேலை நாளுக்குள்ள தகவல் அதிகாரி பதில் தரோணும். மூண்டே மூண்டு கேள்வி: எங்கட பிரிவுக்கு வெளிக்கள மனநலக் கிளினிக் திட்டத்துல இருக்கா, இருந்தா ஏன் நடக்கல்ல, என்ன இருந்தா நடத்தலாம். ஏன் செய்யல்ல எண்டு மட்டும் கேட்டா நியாயம் சொல்லித் தப்பிடுவாங்க, மூண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்லேலா. பதில் வந்தது: டொக்டர் வர ஏலும், வாகனம் தான் பிரச்சின.

பிறகு ஒரு கூட்டம் வெச்சாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. அங்க ஒராள் சொன்னார், கொள்கை எல்லாம் கொழும்புல எழுதுற பேப்பர் தங்கச்சி, இஞ்ச நிலைமை வேற எண்டு. எனக்குக் கை நடுங்கினது, ஆனாலும் எழும்பிச் சொன்னன். 1995ல இந்த நாட்டுல லட்சத்துக்கு 47 பேர் அளவுல தன்ட உயிரத் தானே எடுத்தாங்க, உலகத்துலயே கூடின கணக்குகள்ள ஒண்டு. கொடிய பூச்சிமருந்துகள ஒண்டொண்டாத் தடை செய்யச் செய்ய அது அரைவாசிக்கும் கீழ வந்தது, 2008க்குப் பிறகு பரகுவாட் எண்ட புல்லுக்கு அடிக்கிற மருந்தையும் நிப்பாட்டினாங்க. 1998 வரைக்கும் உயிர் தப்பி வந்த ஆளுக்கே வழக்குப் போடலாம், அந்தச் சட்டத்தையும் எடுத்தாங்க. இதெல்லாம் பேப்பர்ல எழுதினது தான் ஐயா, நாங்க வயல் செய்யிற சனம், எங்கட வாடிக்குள்ள எந்தப் போத்தல் இருக்கு எந்தப் போத்தல் இல்ல எண்டதுல எங்கட புள்ளைகள்ட உயிர் இருக்கு. ஒரு கொஞ்ச நேரம் ஆரும் கதைக்கல்ல.

மறுகா ஒரு மிஸ் தான் வழி சொன்னா, தாய்சேய் கிளினிக்குக்கு வாற வாகனத்துலயே மனநல டொக்டராக்களும் வரலாமே எண்டு. எட்டு மாசமா ஓடித் திரிஞ்ச விசயம் அந்த ஒரு வசனத்துல முடிஞ்சது.

2023 செப்டம்பர்ல இருந்து மாசத்துல ஒரு வியாழக்கிழமை, பக்கத்து ஆஸ்பத்திரில ஒரு சின்ன அறையில கிளினிக் நடக்குது. வெளியில மனநலம் எண்டு போர்ட் போட வேணாம் எண்டு நாங்க தான் கேட்டம். தம்பி சைக்கிள்ள தனியாப் போறான், கிளினிக் கொப்பிய ஷொப்பிங் பேக்ல சுத்தி ஹேண்டில்ல கொழுவிக்கிட்டு. பத்து மணிக்கு முதல் வயலுக்குத் திரும்பிடுவான். அம்மா இப்ப அவன்ட கோப்பையில இருந்து சோறு எடுக்கிறல்ல.

முழுக்கச் சரியாகல்ல. சில மாசம் ஊசி மருந்து வராது, குளிசையோட சமாளிக்கச் சொல்லுவாங்க, அந்த மாசம் முழுக்க ராவுல அவன் முற்றத்துல நடக்கிற சத்தம் கேக்குதா எண்டு முழிச்சுக்கிட்டு இருப்பன். அதுக்கும் இப்ப ஒரு விண்ணப்பம் போட்டிருக்கன், போன வருசம் எந்தெந்த மாசம் மருந்து இல்லாம இருந்தது, அடுத்த வருசத்துக்கு எவ்வளவு கேட்டிருக்கீங்க எண்டு. இந்தத் தரம் அந்த வாகரை அம்மாவும் தன்ட பக்கத்துக்கு ஒண்டு எழுதிப் போட்டிருக்கா, சீல் அடிச்ச கொப்பிய போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினா. ரெண்டுக்கும் 14 வேலை நாள் வாற செவ்வாய்க்கிழமையோட முடியுது.