ஜூன் 14-ஐச் சுற்றி

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் எங்கள் ஓட்டலின் முன்பதிவுப் பட்டியலைத் திறந்தேன். ஐந்து மாதம் தள்ளி வரும் ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் ஒரே இரவில் 38 அறைகள் போயிருந்தன, அத்தனையும் சாதாரண வாடகையில். கணினிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். பக்கத்து மைதானத்தில் ஜூன் 14 அன்று பெரிய இசை நிகழ்ச்சி என்று நேற்று இரவு பத்து மணிக்கு அறிவித்திருக்கிறார்கள். டிக்கெட் விற்பனை இன்னும் தொடங்கவே இல்லை. ரசிகர்கள் முதலில் அறையைப் பிடித்துவிட்டுப் பிறகுதான் டிக்கெட்டுக்கு அலைகிறார்கள். ரத்து செய்தால் கட்டணம் இல்லை என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோமே!

நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது இணையம் விற்றுத் தள்ளியிருக்கிறது. மொத்தம் 120 அறைகள். மிச்சமிருந்த 82-ஐயும் உடனே மூடினேன். விலையை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

ஜனவரி 22, புதன்

முதலாளிக்கு அந்த 38 அறைகள் நெஞ்சில் முள்ளாகிவிட்டன. "தவறான விலை என்று சொல்லி ரத்து செய்துவிடுங்களேன்" என்றார்.

2017 ஆகஸ்ட் 21-ஆம் தேதி அமெரிக்காவில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின் கதையைச் சொன்னேன். ஒரிகான் மாநிலத்தில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவர்களின் அறைகளைச் சில ஓட்டல்கள் ரத்து செய்தன. புகார்கள் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போயின. முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு கட்ட வேண்டி வந்ததாம்?" என்றார். நியாய அநியாயம் பேசியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டே இருந்திருப்போம். 38 அறைகள் பிழைத்தன.

பிப்ரவரி 10, திங்கள்

விலையை வழக்கமான வாடகையைப் போல 2.5 மடங்கு வைத்தேன். முன்பணம் முழுவதும் கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது, குறைந்தது இரண்டு இரவுகள் தங்க வேண்டும். சனிக்கிழமை தானாக நிறைந்துவிடும். வெள்ளியையும் ஞாயிறையும் நிரப்பத்தான் எனக்குச் சம்பளம். ஒரே இரவுக்கு வருகிறவர்களுக்கு எல்லா அறைகளையும் கொடுத்தால் இரு பக்கமும் ஓட்டல் காலியாகக் கிடக்கும்.

நான்கு மடங்கு வைக்கலாமே என்றார்கள் கணக்குப் பிரிவில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸின்போது அங்கே பல ஓட்டல்கள் வெகு முன்னதாகவே விலையை வானத்துக்கு ஏற்றின. கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து வழக்கமான சுற்றுலாப் பயணிகளில் பலர் அந்தப் பக்கமே வரவில்லை. நாள் நெருங்க நெருங்க விலை இறங்கியது. அப்படி இறக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. கட்டணமின்றி ரத்து செய்யும் வசதி இருந்தால், அதிக விலையில் பதிவு செய்தவர் அதை ரத்து செய்துவிட்டு அதே அறையைக் குறைந்த விலைக்குத் திரும்பப் பதிவு செய்வார்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்றைய அழைப்புதான் இந்த நிகழ்ச்சியின் உண்மையான வரவு. மேடை கட்டுகிறவர்களும் ஒலி, ஒளிக் கலைஞர்களுமாக ஒரு குழு. 45 அறைகள், செவ்வாய் முதல் சனி வரை ஐந்து இரவுகள். ஆனால் வாடகை 1.2 மடங்குதான் தருவார்களாம். முதலாளி முகம் சுளித்தார்.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ரசிகர் 2.5 மடங்கில் இரண்டு இரவு தங்கினால் ஓர் அறைக்கு ஐந்து வாடகை. குழுவினர் 1.2 மடங்கில் ஐந்து இரவு தங்கினால் ஆறு. ரசிகர் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்வார். குழுவினர் நள்ளிரவில் பசியோடு வருவார்கள், மூட்டை மூட்டையாய்த் துணி வெளுக்கப் போடுவார்கள். ஆனால் வார நாட்களில் எங்களிடம் சராசரியாக 36 அறைகளே காலி. 45 கொடுத்தால், ஆண்டு முழுவதும் வரும் அலுவலக விருந்தினர் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் வேறு ஓட்டலில் ஒருமுறை வசதியாகத் தூங்கிவிட்டால் திரும்பி வருவார்களா?

36-க்கு ஒப்பந்தம். மே 14 வரை குழு பத்து சதவீத அறைகளைத் திருப்பித் தரலாம், அதற்குப் பிறகு ஆள் வராவிட்டாலும் பணம்.

மே 14, புதன்

குழு மூன்று அறைகளைத் திருப்பியது. டிக்கெட் கிடைக்காதவர்கள் விலகியதில், முதலாளி ரத்து செய்யச் சொன்ன 38 அறைகளில் 17 தாமாகவே உதிர்ந்திருக்கின்றன. இருபதும் புதிய விலையில் மாலைக்குள் போய்விட்டன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

என் தவறு. சாதாரண சனிக்கிழமைகளில் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகிறவர்களை எதிர்பார்த்து இரண்டு அறைகள் கூடுதலாக விற்போம். அந்தத் தானியங்கி ஏற்பாட்டை ஜூன் 14-க்கு அணைக்க மறந்துவிட்டேன். 120 அறைகளுக்கு 122 பதிவுகள். முன்பணம் கட்டியவர்கள் வராமல் போக மாட்டார்கள்.

ஜூன் 14, சனி

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லோரும் ஒன்றாக வந்தார்கள், ஐந்துக்கு ஒன்றாகப் போனார்கள், நள்ளிரவில் ஒன்றாகத் திரும்பினார்கள். லிஃப்ட் வாசலில் வரிசை படிக்கட்டு வரை நீண்டது.

உடல்நலம் சரியில்லை என்று ஒருவர் வரவில்லை. பாக்கி ஒன்று. 11.40-க்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். நிகழ்ச்சிக்கு நேராகப் போய்விட்டு அறைக்கு வருகிறார்கள். சாவி இல்லை என்பதை நானே சொன்னேன். அந்த அம்மா சத்தம் போடவில்லை. "ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு செய்தோமே" என்று மட்டும் கேட்டார். ஜனவரியில் நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த 38-இல் ஒருவர்! சுற்றுவட்டாரத்தில் எங்கும் இடமில்லை. 22 கிலோமீட்டர் தள்ளி ஓர் அறை கிடைத்தது. வாடகை, டாக்ஸி எல்லாம் எங்கள் செலவு. கார் வரும் வரை அந்தச் சிறுமி சோபாவில் தூங்கினாள். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஏழு மணிக்குக் காலை உணவுக் கூடத்தில் ஈ, காக்கை இல்லை. பத்தே முக்காலுக்கு உட்கார இடமில்லை. கம்பளங்களிலெல்லாம் மினுமினுப்புத் தூள். தூசு உறிஞ்சும் கருவியை இரண்டு முறை இழுத்தும் போகவில்லை என்று அறை சுத்தம் செய்யும் பெண்கள் வந்து காட்டினார்கள். மாலை ஆறு வரை வேலை பார்த்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

மாத அறிக்கை. இருக்கும் அறை ஒவ்வொன்றுக்கும் சராசரியாக என்ன கிடைத்தது என்ற கணக்கில், அந்த வாரம் இந்த ஆண்டின் உச்சம். சனிக்கிழமைக்காக அல்ல, செவ்வாய் முதல் வியாழன் வரை ஓர் அறைகூடக் காலியாக இல்லாததால். முதலாளிக்கு மகிழ்ச்சி. அறை சுத்தம் செய்த பெண்களின் கூடுதல் நேரச் சம்பளத்துக்கு அறிக்கையில் பத்தி இல்லை. அடியில் கையால் எழுதிச் சேர்த்தேன். தாய்க்கும் மகளுக்கும் முன்பணத்தைத் திருப்பி அனுப்பியாயிற்று. பதில் இல்லை.

மைதானத்தின் அட்டவணையில் அக்டோபர் 11-க்கு எதிரே நிகழ்ச்சியின் பெயர் இல்லை, 'ஒதுக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தேதியை மூடினேன். கூடுதல் விற்பனையை அணைத்துவிட்டு, அணைத்திருக்கிறதா என்று இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.